மூட்டருகே கட்டியா? நீவ வேண்டாம், படம் எடுத்துப் பாருங்கள்!

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குச் சற்று மேலே கல் போல ஏதோ ஒன்று கையில் தட்டுப்படுகிறது. "எங்கேயாவது விழுந்தாயா?" என்று கேட்கிறீர்கள். விழாத பிள்ளை எங்கே இருக்கிறது? "ஆமாம், பந்து விளையாடும்போது விழுந்தேன்" என்கிறான் பையன். உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. "இது வெறும் சுளுக்கு. நாலு நாள் தைலம் தடவி நீவி விட்டால் கரைந்துவிடும்" என்கிறார் பாட்டி. அம்மாவோ, "புற்றுநோயாக இருக்குமோ?" என்று யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறார். இரண்டு பேருமே பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில்லை.

பயமும் அலட்சியமும் வேறு வேறாகத் தோன்றினாலும், இரண்டும் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றுதான்: காலதாமதம். ஆகவே இந்த மாதம் மூட்டருகே வரும் கட்டிகளைப் பற்றியும், அவற்றை இன்னதென்று அறிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எந்த அளவுக்கு உதவுகிறது என்பது பற்றியும் பேசுவோம்.

எல்லாக் கட்டியும் புற்று அல்ல

முதலில் நல்ல செய்தி. எலும்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை உயிருக்குத் தீங்கு செய்யாத சாதுக் கட்டிகள். இவற்றில் அடிக்கடி காணப்படுவதற்கு ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விஷயம் எளிமையானது.

பிள்ளைகளின் நீண்ட எலும்புகள் ஒவ்வொன்றின் நுனிக்கு அருகிலும் குருத்தெலும்பாலான ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு. பிள்ளை உயரமாவது அதனால்தான். அந்தக் குருத்தில் ஒரு துணுக்கு வழி தவறி, மரத்தின் பக்கவாட்டில் கிளை வெடிப்பது போல வளரத் தொடங்கினால், அதுவே இந்தக் கட்டி. உள்ளே எலும்பு, மேலே தொப்பி போட்டது போலக் குருத்தெலும்பு. சில கட்டிகள் காம்பும் தலையுமாகக் காளான் போலவே இருக்கும்.

தொடை எலும்பின் அடிப்பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேற்பகுதி, தோளை ஒட்டிய கை எலும்பு ஆகியவையே இது அதிகமாக முளைக்கும் இடங்கள். பெரும்பாலும் 10 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் கண்ணில் படும். பிள்ளையின் வளர்ச்சி நிற்கும்போது கட்டியின் வளர்ச்சியும் நின்றுவிடும். இப்படி ஒன்று தம் உடம்பில் இருப்பதே தெரியாமல் ஆயுள் முழுவதும் வாழ்ந்து முடிக்கிறவர்களும் உண்டு.

சில குடும்பங்களில் மட்டும் இது பரம்பரையாக வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் பல இடங்களில் கட்டிகள் இருக்கும். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இத்தகைய குடும்பத்தார் எல்லாப் பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டி வைப்பது நல்லது.

கட்டி போலத் தோன்றுபவை இன்னும் உண்டு. முழங்காலின் பின்புறம் மெத்தென்று புடைப்பது பெரும்பாலும் நீர்க்கட்டி. பால்மரம் வெட்டுகிறவர்கள், சமையல் வேலை செய்கிறவர்கள் சிலருக்கு மணிக்கட்டின் மேல் கோலிக்குண்டு போல வருவதும் பெரும்பாலும் ஒருவகை நீர்க்கட்டியே. பந்து விளையாடும் வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு முனை புடைத்துக்கொண்டு, மண்டியிட்டால் வலிக்கும். அது கட்டியே அல்ல. வளரும் எலும்பைத் தசைநார் ஓயாமல் இழுப்பதால் வருவது. ஓய்வு கொடுத்தால் தணியும்.

இப்போது மறைக்கக் கூடாத செய்தி. ஆஸ்டியோசார்க்கோமா என்ற எலும்புப் புற்றுநோயும் பெரும்பாலும் இதே வயதில், இதே முழங்கால் பக்கத்தில்தான் வருகிறது. அது அபூர்வமானது. ஆனால் எது சாது, எது பொல்லாதது என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. பாட்டியாலும் முடியாது, பெரிய டாக்டராலும் முடியாது. படம் எடுத்துத்தான் தீர வேண்டும்.

பாய்லரைச் சோதித்த ஒலி

அல்ட்ராசவுண்ட் என்றதும் நம் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் வயிற்றில் எடுத்த ஸ்கேன் நினைவுக்கு வரும். அதே முறைதான் இதுவும். மனிதக் காது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைக் கேட்கும். அதற்கும் மேலான ஒலியை நம்மால் கேட்க முடியாது. அதனால் தமிழில் இதைக் கேளா ஒலி என்கிறார்கள். மூட்டுகளைப் பார்க்கப் பயன்படும் கருவி நொடிக்கு 7 மில்லியனிலிருந்து 15 மில்லியன் அதிர்வு வரையுள்ள ஒலியை உடம்புக்குள் அனுப்புகிறது. அது உள்ளே பட்டுத் திரும்பி வரும் எதிரொலியைப் படமாகத் திரையில் காட்டுகிறது.

செம்பனை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குப் பாய்லர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதன் இரும்புத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று இருந்தால் போதும், ஆளைக் கொன்றுவிடும். அத்தகைய வெடிப்பைக் கேளா ஒலியை அனுப்பிக் கண்டுபிடிக்கும் கருவி தொழிற்சாலைகளில் இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது: இரும்புக்குள் இருப்பதைக் காட்டும் ஒலி, சதைக்குள் இருப்பதையும் காட்டாதா?

1955ஆம் ஆண்டு அவர் நோயாளிகளிடமிருந்து அறுத்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரு என்ற இடத்தில் இருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலையார் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது, நீர் நிறைந்த கட்டி ஒருவிதமாகவும் சதைக் கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. நீருக்குள் ஒலி தடையில்லாமல் போய் மறுபக்கச் சுவரில் பட்டுத் திரும்பியது. சதைக்குள்ளோ வழியெல்லாம் எதிரொலி கிளம்பியது. 1958இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் கண்டுபிடிப்பை லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள்.

மூட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. முழங்காலுக்குப் பின்னால் வீங்கியிருப்பது நீர்க்கட்டியா, ரத்தக் குழாய் அடைப்பா என்பதைக் கேளா ஒலியால் பிரித்துக் காட்டலாம் என்று 1972இல் எழுதினார்கள். இன்று மூட்டு மருத்துவத்தில் இந்தக் கருவி சாதாரணமாகிவிட்டது.

ஸ்கேன் எப்படி எடுப்பார்கள்?

பிள்ளை பயப்படும் என்று நினைக்க வேண்டாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. மூட்டு ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்கவும் தேவையில்லை. தொளதொளவென்ற கால்சட்டை போட்டு அழைத்துப் போங்கள். படுக்க வைத்து, கட்டி உள்ள இடத்தில் குளிர்ச்சியான ஜெல் தடவுவார்கள். கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நின்றால் ஒலி உள்ளே போகாது. அதற்காகத்தான் இந்த ஜெல். பிறகு சிறிய கருவி ஒன்றைத் தோலின்மேல் நகர்த்துவார்கள். "காலை மடக்கு, நீட்டு" என்பார்கள். நல்ல காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதில் எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சு இல்லை. ஆகவே தேவைப்பட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம்.

ஸ்கேன் சொல்லும் செய்திகள்

முதலாவது, கட்டிக்குள் இருப்பது நீரா, திடப்பொருளா என்பது. நீர் திரையில் கறுப்பாகத் தெரியும். முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி இருந்தால், அது மூட்டோடு தொடர்புடையதா என்றுகூடப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு வரும் இந்த நீர்க்கட்டி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

இரண்டாவது, குருத்துத் தொப்பியின் கனம். ஆஸ்டியோகாண்ட்ரோமாவின் எலும்புப் பகுதி எக்ஸ்ரேயில் தெரியும். அதன் மேலுள்ள குருத்து தெளிவாகத் தெரியாது. கேளா ஒலிக்கோ அந்தக் குருத்து, வெள்ளைக் கோட்டுக்கு மேல் கறுத்த பட்டை போலத் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அளந்துவிடலாம். இது ஏன் முக்கியம்? வளரும் பிள்ளைக்குத் தொப்பி சற்றுத் தடிப்பாக இருப்பது இயல்பு. வளர்ச்சி முடிந்த பெரியவருக்கு அது மெலிந்துவிட வேண்டும். அவருக்கு 1.5 அல்லது 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், சாதுக் கட்டி புற்றாக மாறுகிறதோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். ஒற்றைக் கட்டியாக இருப்பவர்களில் இப்படி மாறுவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். பரம்பரையாகப் பல கட்டிகள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதைவிட அதிகம்.

மூன்றாவது, கட்டி அக்கம்பக்கத்தில் செய்யும் தொல்லை. கட்டியின்மேல் தசைநார் உரசி உரசி, அங்கே ஒரு நீர்ப்பை உண்டாகலாம். கட்டி திடீரென்று பெருத்தது போலத் தோன்றி வீடே கலங்கிப்போகும். ஸ்கேன் எடுத்தால் பெருத்தது கட்டியல்ல, நீர்ப்பைதான் என்று தெரிந்துவிடும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயைக் கட்டியின் முனை உரசிக் காயப்படுத்துவதும் அபூர்வமாக உண்டு. டாப்ளர் என்ற முறையில் ரத்தம் ஓடும் ஓட்டத்தையே நிறத்தில் பார்க்கலாம். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் கண்டு சொன்ன தத்துவத்தில் அமைந்த முறை இது.

ஸ்கேன் சொல்லாத செய்தி

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கேளா ஒலி எலும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது. எலும்பின் மேற்பரப்பில் பட்டதும் பெரும்பகுதி திரும்பிவிடும். திரையில் எலும்பு ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் இருள். ஆகவே எலும்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் கட்டியை ஸ்கேன் தவறவிடலாம்.

20 வயதிலிருந்து 40 வயதுக்குள் உள்ளவர்களுக்கு முழங்கால் பக்கத்து எலும்பு நுனியில் வரும் ராட்சத அணுக் கட்டி ஓர் உதாரணம். இது புற்று அல்ல. ஆனால் எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளிச்சுவர் மெலியும் வரை ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இன்னொன்று ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் சின்னஞ்சிறு சாதுக் கட்டி. இரவில் பிள்ளையைத் தூங்க விடாமல் வலிக்கும். இடுப்பு மூட்டுக்குள் வந்தால் ஸ்கேனில் மூட்டில் நீர் கோத்திருப்பது மட்டும் தெரியும். கட்டி இருக்கும் இடத்தை சி.டி. ஸ்கேன்தான் சரியாகக் காட்டும்.

அதனால் வரிசையை மறவாதீர்கள். கெட்டியான கட்டிக்கு முதலில் எக்ஸ்ரே. பிறகு டாக்டர் சொன்னால் அல்ட்ராசவுண்ட். அதிலும் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. தனியார் கிளினிக்கில் அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று சொன்னதும் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள். "டாக்டர், எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நீவ வேண்டாம் என்று சொல்வது ஏன்?

நம் தோட்டங்களில் சுளுக்கு வழிப்பவர்களுக்கு எப்போதும் மரியாதை உண்டு. உண்மையான சுளுக்குக்கு அவர்கள் கை இதமாக இருக்கலாம். ஆனால் கட்டியின்மேல் கை வைப்பது வேறு விஷயம். சாதுக் கட்டியை அழுத்தி நீவினால் அது கரையாது. எலும்பை எண்ணெய் போட்டுக் கரைக்க முடியுமா? மாறாக, காம்பு ஒடியலாம், மேலே நீர்ப்பை வீங்கலாம், வலி கூடலாம்.

பொல்லாத கட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆஸ்டியோசார்க்கோமா நோயாளிகளைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோய் இன்னதென்று தெரியும் முன்பே பிடித்துவிட்டும் நீவியும் வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பது அதிகமாகவும், உயிர் பிழைப்பது குறைவாகவும் இருந்ததை அதில் கண்டார்கள்.

காலத்தோடு வந்தால் நம்பிக்கை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலை வெட்டி எடுப்பது மட்டுமே வைத்தியமாக இருந்த காலத்தில், இந்த நோய் வந்த ஐந்து பேரில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. 1970களில் மருந்துச் சிகிச்சை வந்த பிறகு நிலைமை மாறியது. நோய் பரவுவதற்கு முன் வந்து சேர்ந்தால் இன்று பத்துப் பேரில் ஆறு, ஏழு பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காலையும் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். நாலு மாதம் தைலத்தில் போனால், அந்த வாய்ப்புத்தான் கையை விட்டுப் போகிறது.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.

• கட்டி சில வாரங்களிலேயே பெருத்து வருவது.
• ஓய்வாக இருக்கும்போதும் வலிப்பது. இரவில் வலியால் விழித்துக்கொள்வது.
• விழுந்ததால் வந்த வீக்கம் என்று நினைத்தது இரண்டு மூன்று வாரமாகியும் வடியாமல் இருப்பது.
• கட்டியின் மேல் தோல் சூடாகவும் மினுமினுப்பாகவும் இருப்பது, நரம்பு புடைத்துத் தெரிவது.
• காரணமில்லாமல் நொண்டுவது, மூட்டை முழுதாக மடக்க முடியாமல் போவது.
• பல காலமாகச் சும்மா இருந்த கட்டி, வளர்ச்சி முடிந்த வயதுக்குப் பிறகு பெருப்பது அல்லது வலிப்பது.
• காய்ச்சல், உடல் மெலிவு சேர்ந்து வருவது.

இரவு வலிக்கு வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது ஆகாது. டிங்கி காய்ச்சல் அடிக்கடி வரும் நம் நாட்டில், அந்தக் காய்ச்சலின்போது அது ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

அடுத்து என்ன செய்வது?

தோட்டத்துக் கிளினிக்கிலோ அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலோ முதலில் காட்டுங்கள். "சுளுக்கு மருந்து கொடுங்கள்" என்று கேட்காமல், கட்டி எப்போது தெரிந்தது, பெருக்கிறதா, இரவில் வலிக்கிறதா என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எலும்பு நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தால், கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பிள்ளையின் காலுக்கு முன் அது பெரிதல்ல.

கட்டியைக் கீறி எடுத்துவிடச் சொல்லிச் சின்னக் கிளினிக்கில் கேட்காதீர்கள். சந்தேகமான எலும்புக் கட்டியிலிருந்து சோதனைக்குத் துண்டு எடுப்பதைக்கூட, பிறகு ஆபரேஷன் செய்யப்போகும் ஆஸ்பத்திரியே செய்வது நல்லது. துண்டு எடுத்த பாதையும் பின்னால் ஆபரேஷனில் கணக்கில் வரும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிளந்தானில் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி ஆகிய இடங்களில் இதில் தேர்ந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் உங்கள் டாக்டரே இத்தகைய இடத்துக்கு அனுப்பி வைப்பார்.

சாதுக் கட்டி என்று தெரிந்தால், வலியோ தொல்லையோ இல்லாதவரை பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் காட்டி வந்தால் போதும். நரம்பையோ ரத்தக் குழாயையோ அழுத்தினால், எலும்பைக் கோணலாக்கினால், அல்லது ஓயாமல் வலித்தால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். அவசரமில்லை என்றால், வளர்ச்சித் தட்டுக்குக் காயம் படாமலிருக்கப் பிள்ளையின் வளர்ச்சி முடியும் வரை காத்திருப்பதும் உண்டு. "ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என்று அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எக்ஸ்ரே படங்களையும் ஸ்கேன் தாள்களையும் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து ஒரே உறையில் பத்திரமாக வையுங்கள். தோட்டம் மாறினாலும் பட்டணத்துக்குக் குடிபோனாலும் அந்த உறை கூடவே வரட்டும். ஐந்து வருடம் கழித்துக் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இன்று எழுதி வைத்த அளவுதான் டாக்டருக்குச் சாட்சி.

இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். கட்டியைக் கண்டால் கையைத் தள்ளி வைத்துவிட்டு, கிளினிக்குக்கு நடையைக் கட்டுங்கள். அடுத்த இதழில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.